வாங்கியவர் கையில் விலங்கு, விற்றவர் எங்கே?



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு நான் லயத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனார் வழியில் நிறுத்தினார். கையில் ஒரு பை இருந்தது. நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு மழைக்கோட்டு.

"டீச்சர், டவுன்ல ஒரு ஆளு வித்தான். ஆமி சாமானாம். எவ்வளவு மழ பேஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள எறங்காதாம். மூவாயிரத்துக்குத் தந்தான். வீட்டுல வைக்க வேணாம், டீச்சர்கிட்ட கேட்டுட்டு வான்னு பொம்பள சொல்லுது. இத வச்சிருந்தா ஏதும் பிரச்சின வருமா டீச்சர்?"

"நாளைக்குப் பார்த்துச் சொல்றேன், அண்ணா" என்று பையை வாங்கிக்கொண்டேன். உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்த ஒரு மாமா. அவருக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். பிறகு சட்டத்தைப் பேசுவோம்.

2008 ஆம் ஆண்டு. வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். மாமா கவ்வாத்து வெட்டுகிறவர். டயகம குளிரும் மழையும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கிறோம். காலையில் பிரட்டுக்குப் போகும்போது நனைந்தால் மாலை வரை ஈரம்தான். கீழே கிராமத்தில் இருந்து ஆமிக்குப் போயிருந்த ஒரு பையன் லீவில் வந்தபோது தனக்குக் கொடுத்த சப்பாத்து ஒரு சோடியையும் ஒரு மழைக்கோட்டையும் விற்றான். மாமா 600 ரூபா கொடுத்து வாங்கினார். ஒளித்து வாங்கவில்லை. கடை வாசலில் எல்லாரும் பார்க்கத்தான் வாங்கினார். அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் தினமும் மலைக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை லயத்தில் சுற்றிவளைப்பு நடந்தது. பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தார்கள். வாசலில் கிடந்த சப்பாத்தைக் கண்டதும் மாமாவைத் தனியாக நிறுத்தினார்கள். "யாருக்குக் கொடுக்க வைத்திருக்கிறாய்?" என்பதுதான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. யாரிடம் வாங்கினாய் என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னபோதும் அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பதினொரு நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாகத் தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் போனது, பஸ் காசு போனது. மாமியின் தோடு அடகுக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. கடைசியில் "ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டால் இதோடு முடிந்துவிடும்" என்று சொன்னார்கள். மாமா ஒத்துக்கொண்டார், கட்டினார். ஆனால் முடியவில்லை. பிற்காலத்தில் கொழும்பில் காவல் வேலைக்குப் போகப் பொலிஸ் ரிப்போர்ட் கேட்டார்கள். அதில் அந்த வழக்கு இருந்தது. வேலை கிடைக்கவில்லை.

விற்ற பையனை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பையனைப் பிடித்து உள்ளே போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவனும் நம்மைப் போல ஏழை வீட்டுப் பிள்ளைதான். வறுமைதான் அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பியது. லீவில் வரும்போது அம்மாவுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கக் கையில் காசு இல்லாமல் சப்பாத்தை விற்றிருப்பான். என் கேள்வி வேறு. இரண்டு ஏழைகள் செய்த ஒரு வியாபாரத்தில் ஒருவரிடம் மட்டும் சட்டம் வந்து நிற்கிறதே, அது எப்படி?

இதற்குப் பதில் தேடினால் நமது நாட்டை விட்டு வெளியே, பழைய காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தச் சட்டம் நேற்று வந்தது அல்ல.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்த 1863 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆட்சேர்ப்புச் சட்டம் ஒன்று வந்தது. சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுத்த உடுப்பையோ ஆயுதத்தையோ விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது என்றது அந்தச் சட்டம். அப்படிப்பட்ட பொருள் சிப்பாய் அல்லாத ஒருவரிடம் இருந்தாலே போதும், அது முறைகேடாகக் கைமாறியது என்பதற்கு முதல் பார்வையிலேயே சாட்சியாகிவிடும். வாங்கியவருக்கு 500 டொலர் வரை தண்டம். அதோடு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு வருடம் வரையான சிறை.

பிரித்தானியாவில் 1881 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், 156 ஆம் பிரிவு. சிப்பாயிடம் இருந்து ஆயுதம், உடுப்பு, கம்பளி, படுக்கை விரிப்பு, பாத்திரம், உணவுப் பொருள் எதையாவது வாங்கினாலும், மாற்றிக்கொண்டாலும், அடகு பிடித்தாலும் குற்றம். தண்டம் 20 பவுண் வரை, அதற்கு மேல் பொருளின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு. இரண்டு உலக யுத்தங்களிலும் அங்கே சாதாரண நீதவான் நீதிமன்றங்களில் பழைய சாமான் கடைக்காரர்களும், அடகுக் கடைக்காரர்களும், சிப்பாய்களுக்கு அறை வாடகைக்கு விட்ட பெண்களும் சப்பாத்துக்கும் கம்பளிக்குமாக வந்து நின்றார்கள்.

அந்தப் பிரிவில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாங்கியவர் தப்ப வேண்டுமானால், இது இராணுவச் சாமான் என்று தனக்குத் தெரியாது, அல்லது விற்றவர் சிப்பாய் என்று தெரியாது, அல்லது அதிகாரிகளின் உத்தரவுப்படியே விற்கப்பட்டது என்று அவரே நிரூபிக்க வேண்டும். தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பது? "எனக்குத் தெரியும்" என்பதற்குச் சாட்சி கொண்டுவரலாம். "எனக்குத் தெரியாது" என்பதற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது?

நமது நாட்டின் சாதாரண குற்றவியல் சட்டம் இப்படி இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவு களவுச் சாமானை வாங்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அது களவுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கியிருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுக்கும் தரப்பு. அதாவது பொலிஸ் மாமாவிடம் "உனக்குத் தெரியாது என்று காட்டு" என்று கேட்க முடியாது. "உனக்குத் தெரியும் என்று நாங்கள் காட்டுகிறோம்" என்றுதான் வர வேண்டும். மாமாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நமது அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதி என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே ஒரு வாசகம் சேர்த்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட சில விடயங்களை நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் சுமத்தலாம். முன்வாசலில் கொடுத்ததைப் பின்வாசலில் எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பின்வாசல் வழியாக வந்த சட்டங்களில் நம்மை அதிகமாக வதைத்தது பயங்கரவாதத் தடைச் சட்டம்.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம். தற்காலிகம் என்று கொண்டுவந்து, 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். சாதாரண சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. ஆனால் இந்தச் சட்டத்தின் 16 ஆம் பிரிவுப்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் அடிபட்டவர்.

மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993 இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டார். அவருக்குத் தெரியாத சிங்கள மொழியில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். 1995 இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 வருடமாகக் குறைந்தது. நிரூபிக்கும் பொறுப்பை அவர் மேல் போட்டது நியாயமான விசாரணைக்கு விரோதம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் சொன்னது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அவருடைய வழக்கு சப்பாத்து, கம்பளி வழக்கு அல்ல. ஆனாலும் "தெரியாது என்று நீயே காட்டு", "அடித்தார்கள் என்று நீயே காட்டு" என்ற இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

யுத்த காலத்தில் சாதாரண சாமான்களே குற்றச் சாமான்கள் ஆனதை நாம் கண்ணால் பார்த்தோம். 1990களில் வடக்குக்குக் கொண்டுபோகக்கூடாது என்று அரசாங்கம் போட்ட பட்டியலில் பற்றரி இருந்தது, எரிபொருள் இருந்தது, இராணுவ உடுப்புச் சாயலில் இருந்த துணியும் இருந்தது. மலையகத்தில் நமக்கு அந்தப் பட்டியல் இல்லை. ஆனால் அதன் பயம் இருந்தது. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத அம்மா எந்த லயத்தில் இருந்தார்?

ஒரு விடயத்தை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். இராணுவச் சாமானைக் கட்டுப்படுத்தச் சட்டம் தேவைதான். சப்பாத்தை விற்ற சிப்பாய் வெறும் காலோடு போர்முனையில் நிற்பான். சீருடை வேறு கைக்குப் போனால் அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்து குண்டு வைக்கலாம். அதில் சாகிறவர்களும் பஸ்ஸில் போகும் நம்மைப் போன்ற சனங்கள்தான். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் சீருடைக்கும் கடுமையான சட்டம் இருக்கட்டும். சங்கம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மழைக்கோட்டையும் கம்பளியையும் தோட்டாவோடு ஒரே தராசில் வைத்து நிறுக்கக்கூடாது. வாங்கியவரைப் பிடித்ததோடு வேலை முடிந்தது என்று களஞ்சியத்துப் பக்கமே போகாமலும் இருக்கக்கூடாது.

களஞ்சியத்துப் பக்கம் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலக சரித்திரத்தில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. இத்தாலியில் நேபிள்ஸ் என்ற துறைமுகப் பட்டினம். 1943 ஒக்டோபர் முதலாம் திகதி அமெரிக்க, பிரித்தானியப் படைகள் அதற்குள் வந்தன. ஊர் குண்டு வீச்சில் இடிந்து கிடந்தது. தண்ணீர் இல்லை, ரொட்டி இல்லை, அந்தக் குளிர்காலத்தில் டைபஸ் காய்ச்சலும் பரவியது. துறைமுகத்திலோ கப்பல் கப்பலாக இராணுவச் சாமான் இறங்கியது. சிப்பாய்கள் கம்பளி விற்றார்கள், சிகரட் விற்றார்கள், டின் சாப்பாடு விற்றார்கள். பெண்கள் அந்தக் கம்பளியை வெட்டிச் சாயம் போட்டுக் குளிருக்குக் கோட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு இராணுவச் சாமான் வைத்திருந்ததாகப் பிடிபட்டு நீதிமன்றத்தில் நின்றார்கள்.

அங்கே பிரித்தானிய இராணுவப் புலனாய்வில் வேலை செய்த நோர்மன் லூயிஸ் என்பவர் தன் நாட்குறிப்பைப் பின்னாளில் புத்தகமாக்கினார். அது 1978 இல் வெளிவந்தது. சின்னச் சின்னச் சாமான்களுக்காக ஏழைகள் சிறைக்குப் போனதையும், வசதியும் தொடர்பும் உள்ளவர்கள் தப்பியதையும் அவர் வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார். வழக்குப் போட்ட பக்கத்தில் இருந்த ஓர் ஆள் இப்படி எழுதியது பெரிய விடயம்.

அதே காலத்தில், அதே பகுதியில், நேச நாடுகளின் இராணுவ நிர்வாகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். பெயர் வீட்டோ ஜெனோவேஸ். அமெரிக்காவில் ஒரு கொலை வழக்குக்குப் பயந்து இத்தாலிக்கு ஓடி வந்த மாபியாக் கும்பல் தலைவர். அதிகாரிகளுக்கு வேண்டியவராகிவிட்டார். இராணுவ லொறிகளே காணாமல் போயின. கம்பளி ஒன்று, இரண்டு அல்ல, லொறி லொறியாகக் கறுப்புச் சந்தைக்குப் போனது. ஓரஞ்ச் டிக்கி என்ற சாதாரண இராணுவப் புலனாய்வாளர் விடாமல் துருவி 1944 ஓகஸ்டில் அவரைக் கைது செய்தார். பிறகு என்ன நடந்தது? கறுப்புச் சந்தைக்காக அவர் மேல் வழக்கே நடக்கவில்லை. பழைய கொலை வழக்குக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முக்கிய சாட்சி காவலில் இருக்கும்போதே நஞ்சு உட்கொண்டு செத்துப்போனார். 1946 இல் ஜெனோவேஸ் விடுதலையானார்.

கம்பளிக் கோட்டுப் போட்ட பெண் சிறையில், கம்பளி லொறியை ஓட்டியவர் அலுவலகத்துக் கதிரையில். நேபிள்ஸிலும் டயகமவிலும் காரணம் ஒன்றுதான். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கும் ஏழையைப் பிடிப்பது சுலபம். அவருடைய வீட்டுக்குக் கதவு கூடச் சரியாக இல்லை. அவருக்குச் சட்டத்தரணி இல்லை. அவரைப் பிடித்தால் மேலே இருந்து தொலைபேசி வராது. ஒரு வழக்குப் பதிவானது, கணக்குக் காட்டியாயிற்று.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது, இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் போனது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போகவில்லை. 2022 இல் ஒரு திருத்தம் செய்து, தடுத்து வைக்கும் காலத்தை 18 மாதத்தில் இருந்து 12 மாதமாகக் குறைத்தார்கள். ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றிய 16 ஆம் பிரிவைத் தொடவில்லை. 2023 மார்ச்சில் அதற்குப் பதிலாக ஒரு பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலத்தை வர்த்தமானியில் போட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். பெயரை மாற்றி மாற்றி எது வந்தாலும் நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நிரூபிக்கும் பொறுப்பு யார் தோளில்?

இன்னொரு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் சட்டம். அரசுச் சொத்தைக் களவெடுத்தால் தண்டம் ஆயிரம் ரூபா அல்லது பெறுமதியைப் போல மூன்று மடங்கு, எது கூடவோ அது. 1881 ஆம் ஆண்டின் அந்த மூன்று மடங்கு ஞாபகம் இருக்கிறதா? அதோடு, சொத்தின் பெறுமதி 25,000 ரூபாவுக்கு மேல் என்று ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சான்றிதழ் கொடுத்தால், விசேட காரணம் காட்டினால் ஒழியப் பிணை இல்லை. 2024 செப்டெம்பரில் அறிவித்த 1,350 ரூபா நாட் சம்பளத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 ரூபா என்பது 19 நாள் சம்பளம். இன்றைய விலையில் ஒரு கூடாரத் துணியும் இரண்டு சோடி சப்பாத்தும் சேர்ந்தால் அந்தத் தொகை வந்துவிடும். கோடிக்கணக்கில் அடித்தவர்களைப் பிடிக்கப் போட்ட வலை என்று சொல்கிறார்கள். களவுக்கு உடந்தை என்று இதன் கீழ் குற்றம் சுமத்தினால் நம்மவர்களும் அதே வலையில்தான்.

இரண்டாவது காரணம் மழை. நமது சனம் ஏன் ஆமிச் சாமானைத் தேடி வாங்குகிறது? ஆசைக்கா? மலையில் நனையாமல் வேலை செய்யத்தான். நமது பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்தில் ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி கொடுத்தார்கள். இனாமாக அல்ல, பற்றில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்பளிதான் மழைக்கோட்டு, அதுதான் பாய், அதுதான் போர்வை. அதன் கடனைச் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்றைக்குக் கொழுந்தெடுக்கும் அக்காமார் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு பொலித்தீனைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பலர் அந்தப் பொலித்தீனையும் தங்கள் காசில் வாங்குகிறார்கள். தொழிலாளிக்கு நல்ல மழைக்கோட்டும் சப்பாத்தும் தோட்டமே கொடுத்திருந்தால், மாமா அந்த 600 ரூபாவைக் கொடுத்திருக்கவே மாட்டார். அவருடைய வழக்கின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது இதுதான்.

ஆகவே சங்கக் கூட்டங்களில் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் என்று நான் நினைப்பது நாலு.

மழைக்கோட்டு, சப்பாத்து, கையுறை மூன்றும் வருடத்துக்கு ஒரு முறை நிர்வாகம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அரசுச் சாமான், இராணுவச் சாமான் வழக்குகளில், தெரிந்தே வாங்கினார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவரிடமே இருக்க வேண்டும். களஞ்சியத்தில் இருந்து அந்தச் சாமான் எப்படி வெளியே வந்தது என்று விசாரிக்காமல் வாங்கியவர் மேல் மட்டும் வழக்குப் போடக்கூடாது.

பிணை மறுக்கும் 25,000 ரூபா எல்லையை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வேண்டும். அதற்குப் பதிலாக வரும் எந்தச் சட்டத்திலும் 16 ஆம் பிரிவு போன்ற ஒன்று இருக்கக்கூடாது.

கோரிக்கை நிறைவேறும் வரை நாம் கவனமாக இருக்க வேண்டும். ஆமிச் சாமான், அரசாங்கச் சாமான் என்று சொல்லி மலிவாக விற்கும் எதையும் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைத்தது பிறகு மூன்று மடங்காகத் திரும்பி வரும். பழைய சாமான் வாங்கினாலும் கடைப் பெயரும் திகதியும் உள்ள ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பொலிஸ் வந்தால் ஓடாதீர்கள், சண்டை போடாதீர்கள். கைதுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. அதைக் கேளுங்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை வீட்டார் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடனே தோட்டத் தலைவருக்கும் மாவட்டக் காரியாலயத்துக்கும் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. "தமிழில் எழுதுங்கள், அல்லது வாசித்து விளக்குங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை, அது மரியாதைக் குறைவு அல்ல. சீக்கிரம் முடியும் என்பதற்காகச் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். சங்கத்துச் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தண்டம் ஒரு நாளில் போய்விடும். பதிவு போகாது. பக்கத்துக் காம்பரா மாமா அதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்.

இப்போது அந்த மழைக்கோட்டுக்கு வருகிறேன்.

அன்று இரவு விளக்கடியில் வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இராணுவ முத்திரை இல்லை, இலக்கம் இல்லை. உள்பக்கத் தையலில் ஒரு சின்னத் துணித் துண்டு இருந்தது. சாதாரண ஆடைத் தொழிற்சாலையில் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சாமான் அது. தரம் குறைந்தது என்று கழித்து விட்டிருப்பார்கள். அடுத்த நாள் எங்கள் தோட்டத் தலைவரிடமும் காட்டினேன், அவரும் அதையே சொன்னார். விற்றவன் விலையைக் கூட்டுவதற்காக ஆமிச் சாமான் என்று பொய் சொல்லியிருக்கிறான்.

தகப்பனாரிடம் கோட்டைத் திருப்பிக் கொடுத்து விடயத்தைச் சொன்னேன். அவருடைய முகத்தில் முதலில் நிம்மதி, பிறகு கோபம். "அப்ப என்னய ஏமாத்திட்டானா டீச்சர்? இதுக்கா மூணு நாளா நாங்க தூங்கல?" என்றார்.

அவர் தூங்காத அந்த மூன்று இரவுகளைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையான ஆமிச் சாமானையும் கடைச் சாமானையும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. விளக்கடியில் வைத்துப் பார்க்கும் வரை எனக்கும் தெரியவில்லை. படித்த எனக்கே தெரியாததை, "தெரியாது என்று நீ நிரூபி" என்று மலையில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

யுத்தம் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் ஒரு மழைக்கோட்டுக்காக நமது வீட்டில் ஒரு குடும்பம் தூங்காமல் இருக்கிறது. அந்தப் பயம் போகும் வரை யுத்தம் நமது லயத்தை விட்டு முழுதாகப் போகவில்லை என்றுதான் நான் சொல்வேன். வருகிற மாதாந்தக் கூட்டத்துக்கு எல்லாரும் வாருங்கள். வீட்டில் ரசீது இல்லாத சாமான் ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். முன்கூட்டியே பேசிக்கொண்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். மீதிப் பாதியைக் கோரிக்கையாக எழுதி மேலே அனுப்புவோம்.